இதர செலவுகள்

தம்போய், ஜொகூர், மலேசியா
3 மார்ச் 2025

அன்புள்ள உங்களுக்கு,

நான் நலம். நீங்களும் அந்தத் தீவில் நிதி அமைச்சருக்கு ஆலோசனை சொல்லிக்கொண்டு நலமாகத்தான் இருப்பீர்கள். மனைவிக்கு இரண்டு வரி எழுத மட்டும் அங்கே இணையம் கிடைப்பதில்லை போலிருக்கிறது.

இங்கே பின்பக்கக் கூரை ஒழுகுகிறது. ஆள் வந்து பார்த்து, கோப்பி குடித்துவிட்டு, "நாளைக்கு வரேன்க்கா" என்று போனவர்தான். பக்கத்து வீட்டுச் செல்வராணி காலை ஐந்து மணிக்கே சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்பிவிடுகிறாள். சாயங்காலம் அவள் மோட்டார் சத்தம் கேட்கும்வரை நான் யாரிடமும் வாய் திறப்பதில்லை. பிள்ளையும் இல்லை, நீங்களும் இல்லை, ஓய்வு வேறு பெற்றாயிற்று.

அதனால்தான் இந்தப் பகுதிநேர வேலையை விடவில்லை. எந்த நாட்டு அரசாங்கம் தன் வரவு செலவை மக்கள் கண்ணில் படும்படி வைக்கிறது, எது பூட்டி வைக்கிறது என்று பார்த்து மதிப்பெண் போடுகிறேன். உங்கள் நாடு என் பட்டியலில் இல்லை. கணவர் வேலை செய்யும் நாட்டுக்கு மதிப்பெண் போடக்கூடாது என்பது விதி. படிக்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே! படித்தேன். நூற்றுக்கு ஒன்பது பங்கு "இதர செலவுகள்" என்று ஒரே வரியில் கிடக்கிறது. கணக்காய்வில் இருபத்தெட்டு வருஷம் இருந்தவளுக்கு இதைப் பார்த்தால் கை அரிக்கிறது. பிரித்துப் போடச் சொல்லுங்கள். அதற்குத்தானே உங்களை அழைத்துப் போனார்கள்?

இன்னொன்று. இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நான் ஒரு மாதம் அங்கே வந்து இருந்துவிட்டுப் போகட்டுமா?

உங்கள்
பிரேமளா


21 மார்ச் 2025

அன்புள்ள பிரேமா,

கணக்காய்வாளர் அம்மாவின் உத்தரவு கிடைத்தது. அமைச்சரிடம் சொன்னேன். "இத்தனை நாள் யாரும் கேட்கவில்லையே" என்றார். "தம்போயில் ஒருவர் கேட்கிறார்" என்றேன். சிரித்துவிட்டு ஒத்துக்கொண்டார். ஒதுக்கியது எவ்வளவு, செலவானது எவ்வளவு என்று அந்த ஒரு வரியைப் பிரித்து, கடந்த மூன்று வருஷத்துக்கும் போடப்போகிறோம். ஐந்து குமாஸ்தாக்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நீ வருவதைப் பற்றி. எனக்கும் ஆசைதான். ஆனால் விடுதியில் ஒற்றை அறை, கோடியில் பொதுக் குளியலறை. ஆலோசகரின் மனைவிக்கென்று அரசாங்கம் எதுவும் தருவதில்லை. பயணச் செலவே நம் சேமிப்பில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். ஒப்பந்தம் முடியட்டும், நானே வந்துவிடுகிறேன்.

கூரைக்குப் பணம் அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்
சிறீகாந்தன்


17 ஜூன் 2025

பிரேமா,

வெளிவந்துவிட்டது! இன்று காலை பத்து மணிக்கு அமைச்சகத்தின் இணையப் பக்கத்தில் ஏற்றினோம். நூற்றெண்பத்தாறு பக்கம். அமைச்சர் கார் டயர் முதல் அலுவலகத் தேயிலை வரை எல்லாம் இருக்கிறது. மீன் சந்தையில் யாரோ அச்செடுத்து ஒட்டியிருக்கிறார்கள். கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்று படிக்கிறார்கள், பிரேமா! என் அரசாங்க வேலையில் இப்படி ஒரு நாள் வாய்த்ததே இல்லை.

உன்னால் நடந்தது. ஒரு பக்கம் விடாமல் படி.

சிறீகாந்தன்


23 ஜூன் 2025

அன்புள்ள உங்களுக்கு,

ஒரு பக்கம் விடாமல் படித்தேன். நல்ல வேலை, மனதாரச் சொல்கிறேன்.

நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம். நிதி அமைச்சகம், வெளிநாட்டு ஆலோசகர், ஒருவர். அந்த ஒருவர் நீங்கள்தான். கடற்கரைச் சாலையில் மூன்று அறை வீடு, வாடகை முழுவதும் செலவாகியிருக்கிறது. ஆலோசகரின் துணைவிக்கு ஆண்டுக்கு இரண்டு விமானப் பயணம். ஒதுக்கீடு உண்டு, செலவு இல்லை. அடுத்த வருஷமும் இல்லை. அதற்கடுத்த வருஷமும் இல்லை. ஆறு பயணத்துக்கான பணமும் கருவூலத்துக்குத் திரும்பியதாக அடிக்குறிப்பு.

குமாஸ்தா தப்பாகப் போட்டிருப்பார் என்று கூட்டிப் பார்த்தேன். கூட்டல் சரியாகத்தான் இருந்தது.

அந்த வீட்டில் வேறு யாராவது இருக்கிறார்களா? இருந்தால் சொல்லிவிடுங்கள். செல்வராணியிடம் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாதுதான், வேறு யாரிடம் சொல்வேன்? "அலமாக், அக்கா! டிக்கெட் எடுத்து நேரா போய் கதவத் தட்டுங்க லா" என்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும் உங்கள் முகம் எப்படிப் போகும் என்று நினைத்தால் பயமாக இருக்கிறது.

பிரேமளா


9 ஜூலை 2025

பிரேமா,

வீட்டில் யாரும் இல்லை. நான் மட்டும்தான். இதை நீ நம்பவேண்டும்.

முதல் இரண்டு மாதம் விடுதியில் இருந்தது நிஜம். பிறகு வீடு கொடுத்தார்கள். உனக்கு எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன். அப்புறம் எழுதினால் ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்பாய். தம்போயில் நான் எங்கே போனேன், யாரோடு பேசினேன், ஏன் பத்து நிமிஷம் தாமதம் என்று எல்லாவற்றுக்கும் உனக்குப் பதில் சொல்லவேண்டும். இங்கே கேட்க ஆளில்லை. அது எனக்குப் பிடித்துப்போயிற்று.

வெளியிடும் முன்னே அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். "இதை வேறொன்றோடு சேர்த்துவிடட்டுமா?" என்று குமாஸ்தா கேட்டார். எல்லா அமைச்சகத்துக்கும் கூடாது என்று சொல்லிவிட்டு, எனக்கு மட்டும் எப்படிச் செய்ய? அதனால்தான் ஒரு பக்கம் விடாமல் படிக்கச் சொன்னேன். நேரே சொல்லத் துணிவில்லை.

உன்மேல் வெறுப்பு இல்லை. நீ வந்தால் சந்தோஷப்படுவேனா என்று என்னையே பலதடவை கேட்டிருக்கிறேன். ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருஷம் நீட்டித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

மன்னித்துவிடு.

சிறீகாந்தன்


தம்போய்
14 ஜூலை 2025

உங்களுக்கு,

கடிதத்தைப் பலதடவை படித்தேன். இந்த மூன்று வருஷத்தில் நீங்கள் எனக்கு எழுதிய ஒரே உண்மைக் கடிதம். நன்றி சொல்வதா, அழுவதா என்று தெரியவில்லை. அழுதுவிட்டு எழுதுகிறேன்.

நான் கேள்வி கேட்பவள்தான். நீங்கள் சொல்லாததால் கேட்டேன். நான் கேட்பதால் நீங்கள் சொல்லவில்லை. கல்யாணமாகி முப்பத்தொரு வருஷம் இதிலேயே போயிருக்கிறது. உட்கார்ந்து பேசியிருந்தால் சரிப்பட்டிருக்குமோ என்னவோ, இனி எதற்கு அந்த யோசனை.

அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் துணைவிக்கான பயணத்தை எடுத்துவிடச் சொல்லுங்கள். மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் படிக்கிறவர்கள், வராத ஒருத்திக்காக ஏன் பணம் ஒதுக்கவேண்டும்? அங்கே ஏதாவது பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தாதீர்கள். நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், வேலை செய்கிறேன். அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

கொஞ்ச நாளைக்குப் போன் செய்யாதீர்கள். செய்தால் எடுத்துப் பேசிவிடுவேன்.

பிரேமளா