ஆட்டையாம்பட்டிக்குப் போன சாக்லேட் தேர்

ஆவணி 6, ஞாயிறு

வெயில். மூன்று மணிக்கு மேல் மேகம். மழை இல்லை. வடக்கே மழை பிடித்துவிட்டதால் ஆழ்துளைக் கிணறு போடும் எங்கள் ரிக் வண்டிக்கு ஓய்வு. மல்லசமுத்திரம் வந்து நான்கு நாள். பதினோரு மாதத்துக்குப் பிறகு வீட்டுச் சோறு.

போர் போடும் இடத்தில் எத்தனை அடிக்கு என்ன பாறை என்று எழுதிவைத்துப் பழகிய கை. வீட்டில் எழுத என்ன இருக்கப்போகிறது என்று நினைத்தேன். இருக்கிறது.

முன் அறையில் என் கட்டிலைக் காணோம். அந்த இடத்தில் ஒரு தேர். முழுக்க இனிப்பும் சாக்லேட்டும். என் இடுப்புக்கு மேல் உயரம்.

என் வீட்டுக்காரி சாந்தாமணி கல்யாண வீடுகளுக்குச் சீர்த்தட்டு அலங்காரம் செய்வதாகப் போனில் சொல்லியிருக்கிறாள். நாலு லட்டை அடுக்கி ரிப்பன் கட்டுவாளாக்கும் என்று இருந்துவிட்டேன்.

பார்த்த வரையில்:
அடித்தட்டு: மைசூர்பாகு, செங்கல் கட்டு மாதிரி.
சுற்றுச்சுவர்: தங்கத்தாள் சுற்றிய சாக்லேட்.
தூண்கள்: சுருள் பிஸ்கட்.
குடை: ஆரஞ்சு மிட்டாய்ச் சுளைகள்.
சக்கரம்: சாக்லேட்டை உருக்கி, தட்டில் ஊற்றி எடுத்தது. ஆரக்கால்கூட இருக்கிறது.

கிட்டே போனேன். மகள் தர்ஷினி கத்தினாள். "அப்பா, மூச்சு உடாதீங்க! மேல ஒட்டுனது இன்னும் காயல."

மூச்சை அடக்கிக்கொண்டுதான் நின்றேன். அவள் சொன்னதற்காக மட்டும் இல்லை.

ஆவணி 7, திங்கள்

காலையில் புழுக்கம். எனக்கும் வேலை கொடுத்தார்கள். சாக்லேட்டுக்குத் தாள் சுற்றுவது. நாற்பது சுற்றினேன். சா. ஒன்பதுதான் தேறும் என்று எடுத்துக்கொண்டாள்.

"ஏனுங்க, இது போர்க்குழியில எறக்கற கேசிங் பைப் இல்லீங்க. அமுத்தாதீங்க."

சாக்லேட் உருக்குவதைப் பார்த்தேன். வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் இன்னொரு பாத்திரம். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் மொத்தமும் மணல் மாதிரி திரிந்துவிடுமாம். தண்ணீரைத் தேடியே பிழைக்கிறவன் நான். பெண்டாட்டி தண்ணீர் படாமல் பிழைக்கிறாள்.

யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டேன்.

"யாருமில்லீங்க. கெடுத்துக் கெடுத்துத் தெரிஞ்சுக்கிட்டேன்."

தேரின் அளவுக்காகத் திருச்செங்கோட்டுக்கே போய், தேர் நிறுத்திவைக்கிற தேர்முட்டியில் நின்று ஒவ்வொரு நிலையாக எண்ணி வந்திருக்கிறாள். பஸ்ஸில், தனியாக. எப்போது போனாய்? "தையில." தை மாதம் நான் எங்கே இருந்தேன் என்று யோசித்தேன்.

ஆவணி 8, செவ்வாய்

தேரைச் சொல்லிவைத்த தங்கவேல் வந்தார். கல்யாணப் பெண்ணுக்குத் தாய்மாமன். பவர்லூம் வைத்திருக்கிறார். வாசலிலேயே செருப்பைக் கழற்றியவர் உள்ளே வந்து தேர் முன்னால் போய் நின்றார்.

பெண்ணின் அம்மா, அவருடைய அக்கா, போன வருசம் தவறிவிட்டாராம். அந்தப் பெண் பிறந்தது தேரோட்டத்தன்று. "எம்புள்ள கல்யாணத்துக்குத் தேரு மாதிரி சீர் வரோணும்டா" என்று அக்கா சொல்லிக்கொண்டே இருப்பாராம்.

"அம்மிணி, எங்கக்கா இல்லைங்கிறது அந்தப் புள்ளைக்கு ஒரு நிமிசமாச்சும் மறக்கோணும் சாமி. வேறொண்ணும் வேண்டாம்."

அவர் போன பிறகு சா. உட்கார்ந்து, ஏற்கெனவே முடிந்திருந்த கலசத்தைப் பிரித்துவிட்டு மறுபடியும் செய்தாள்.

நாளை மதியம் ஆட்டையாம்பட்டி மண்டபம். ஆறு மணிக்குச் சீர். லோடு வண்டியை நானே ஓட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். மலைப்பாதையில் ரிக் ஓட்டியவன்.

ஆவணி 9, புதன்

எழுதக் கை வரவில்லை. எழுதுகிறேன்.

இரண்டரைக்குக் கிளம்பினோம். ஊர்ந்துதான் ஓட்டினேன். பாதி வழியில் வேலியைத் தாண்டி ஒரு ஆடு குறுக்கே பாய்ந்தது. பிரேக்கை மிதித்தேன். பின்னால் 'சடக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

கதவைத் திறந்தோம். மேல் இரண்டு நிலையும் சரிந்து கிடந்தன. நான்கு சக்கரமும் தூள். தூண்களில் பாதி இல்லை. கலசம் மைசூர்பாகுக்குள் புதைந்திருந்தது.

திட்டுவாள், அழுவாள் என்று நின்றேன். சா. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஆட்டுக்கு அடி பட்டுருச்சுங்களா?"

"இல்ல. ஓடிருச்சு."

"செரி, வண்டிய எடுங்க."

மண்டபத்துச் சமையல்கட்டில் ஒரு மூலை கேட்டு வாங்கினாள். ஒடிந்த சாக்லேட்டையெல்லாம் வழித்து உருக்கப் போட்டாள். என்னிடம் சொன்னாள்: "சீருக்குச் சுத்துவாங்கல்ல, தட்டளவு கைமுறுக்கு, அது நாலு. சின்னது நூறு. உடையாததாப் பாத்து வாங்கியாங்க."

முறுக்குக்கே பேர்போன ஆட்டையாம்பட்டியில் அதற்கா பஞ்சம்? மூன்று கடை ஏறினேன். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தேன். திரும்பி வரும்போது பச்சைக் குழந்தையைக் கொண்டு வருகிற மாதிரி மடியில் வைத்துக்கொண்டேன்.

பெரிய முறுக்கு சக்கரமாயிற்று. சுற்றுக்குள் சுற்று. மரத்தில் செதுக்கினாலும் அப்படி வராது. சின்ன முறுக்குகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கித் தூண். இடையிடையே உருக்கிய சாக்லேட், சாந்து பூசுவது போல. அளவு பார்க்கவில்லை. யோசிக்க நிற்கவில்லை. கை போய்க்கொண்டே இருந்தது.

சமையல்காரர்கள் கரண்டியோடு வந்து நின்றார்கள். பாத்திரம் கழுவுகிற பெண்கள் ஈரக்கையோடு வந்தார்கள்.

போர் போடும்போது இப்படி ஒரு நேரம் வரும். எழுநூறு, எண்ணூறு அடி வரை வெறும் புழுதி. திடீரென்று புழுதி நனைந்து வரும். தண்ணீர் இன்னும் மேலே வந்திருக்காது. ஆனால் எல்லோரும் வாயை மூடிக்கொள்வோம். இன்று அந்தச் சமையல்கட்டில் அப்படித்தான் நின்றேன்.

ஐந்தே முக்காலுக்குத் தங்கவேல் வந்தார். நானே முந்திக்கொண்டேன். "நாந்தானுங்க உடைச்சுப்போட்டேன். இது அவ மறுக்காக் கட்டுனது."

அவர் தேரைச் சுற்றி வந்தார். குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். "நேத்துப் பாத்தது அழகா இருந்துச்சுங்க. இது எங்க ஊர்த் தேராட்ட இருக்குது."

நான்கு பேர் பிடித்துத் தூக்கினோம். மேளம். மண்டபத்தில் ஒரு பக்கமிருந்து ஆட்கள் எழுந்தார்கள். யாரும் எழச் சொல்லவில்லை. மேடையில் இருந்த பெண் படியிறங்கி வந்தாள். அலங்காரம் கலையும் என்று யாரோ தடுத்ததையும் கேட்கவில்லை. நிஜத் தேரின் சக்கரத்தைத் தொடுகிற மாதிரி அந்த முறுக்கை விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு சா.வின் தோளில் சாய்ந்துவிட்டாள்.

சா.வின் சேலையெல்லாம் சாக்லேட். பெண்ணின் பட்டில் படாமல் இருக்க இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டே நின்றாள்.

ஆவணி 10, வியாழன்

முகூர்த்தம் முடிந்து பத்து மணிக்கு வீடு. லேசான தூறல்.

தேரைக் குழந்தைகள் பிரித்துத் தின்றுவிட்டார்கள். கடைசித் தூண் போகும்வரை பக்கத்திலேயே நின்று பார்த்தேன். மனசு ஆறவில்லை என்றேன். "திங்கத்தானுங்களே செஞ்சது" என்று சிரித்தாள்.

இப்போது மணி பதினொன்றரை. பாயில் தூங்குகிறாள். பகலில் இவள் தூங்கி நான் பார்த்ததில்லை. விரல் நுனிகளில், அலங்காரம் ஒட்டப் பசை உருக்கும் குளூ கன் சுட்ட தழும்புகள். எண்ணினேன். ஏழு. ஒன்றைப் பற்றியும் போனில் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை.

வாசலில் வண்டிச் சத்தம். எடப்பாடியிலிருந்து இரண்டு பேர், நேற்று மண்டபத்தில் தேரைப் பார்த்தவர்களாம், அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கும் சொல்லிவைக்க வந்திருக்கிறார்கள். "அம்மிணி ஊட்டுல இருக்குதுங்களா?"

"தூங்கறாங்க," என்றேன். "எழுப்ப முடியாதுங்க. உக்காருங்க, எந்திரிக்கட்டும்."