கணக்குப் பரீட்சையில் வெள்ளைத் தாள்

அனுப்பானடி, மதுரை
11.2.2025

அன்பு மகன் விஜய்ஆனந்துக்கு அம்மா ராதாமணி எழுதிக்கொள்வது. கூடலழகர் உன் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ளட்டும்.

உன்னைக் கடலூர் ஜெயிலுக்கு மாற்றிய பிறகு நான் எழுதும் ஆறாவது கடிதம் இது. மதுரையில் இருந்தவரை பதினைந்து நாளைக்கு ஒரு தடவை மனு போட்டு வந்து உன் முகத்தைப் பார்த்துவிடுவேன். இப்போது அப்பாவுக்குச் சர்க்கரையில் கால் புண் ஆறவில்லை. அவரைத் தனியாக விட்டுவிட்டு அவ்வளவு தூரம் பஸ் ஏற முடியவில்லை. பங்குனி கழியட்டும், எப்படியும் வந்துவிடுவேன். நம் வீட்டுப் பாஷையில் எழுதத்தான் ஆசை. ஆனால் அங்கே பிரித்துப் படித்துப் பார்த்துவிட்டுத்தானே உன் கையில் கொடுப்பார்கள். சௌராஷ்டிரத்தில் எழுதினால் என்னமோ ரகசியம் என்று நினைப்பார்கள். அதனால் தமிழிலேயே எழுதுகிறேன்.

நீ அங்கிருந்தே தபால் வழியில் எழுதும் பி.பி.ஏ.வுக்கு மார்க் வந்துவிட்டது. கீழ்வீட்டு ரம்யாஸ்ரீதான் போனில் எடுத்துக் காட்டினாள். மேலாண்மைக் கோட்பாடுகள் அறுபத்தெட்டு. வணிகத் தொடர்பு ஐம்பத்தொன்பது. சந்தையியல் எழுபத்திரண்டு. எழுபத்திரண்டைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல. அதற்குக் கீழே அடிப்படைக் கணிதம் என்று இருந்தது. பூஜ்யம். ரம்யாஸ்ரீ போனை மூடி மூடித் திறந்து பார்த்தாள். போன ஜூனிலும் அதே பூஜ்யம்தான். அப்போது ஏதோ தாள் மாறிப்போயிருக்கும் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

இந்தத் தடவை விடவில்லை. உங்கள் ஜெயில் நல அலுவலருக்குப் போன் போட்டுக் கேட்டேன். நல்ல மனுஷர், பொறுமையாகச் சொன்னார். உங்க பையன் பரீட்சைக்கு வந்தான்மா, பதிவு எண்ணை எழுதினான், மூணு மணி நேரமும் தாளைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருந்தான், அப்புறம் வெள்ளைத் தாளைக் குடுத்துட்டு எந்திரிச்சுப் போயிட்டான், கணக்கு அவனுக்குச் சுத்தமா வராது போல என்றார். ஆமாங்க சார் என்று சொல்லிவிட்டேன்.

கணக்கு உனக்கு வராது என்றால், சொல்லிக்கொடுக்கிறவரிடம் கேட்டுக் குறிப்பு எழுதி வாங்கி அனுப்பலாம் என்று முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை இங்கே இருக்கும் படிப்பு மையத்துக்குப் போனேன். உன் புத்தகத்தையும் ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டேன். முதல் மாடியில் அடிப்படைக் கணித வகுப்பு நடந்துகொண்டிருந்தது. எல்லாரும் சின்னப் பிள்ளைகளாக இருப்பார்கள் என்று நினைத்தேன். போலீஸ் உடுப்போடு ஒருத்தர், மடியில் பச்சைக் குழந்தையோடு ஒரு பெண், தலை நரைத்த இரண்டு பேர். பாதியில் வெளியே டீ குடிக்க வந்த ஒருத்தர், என் பேர் சிவனாண்டி, மேலூரில் கல் கிரஷர் லாரி ஓட்டுகிறேன் என்றார். நான் புத்தகத்தோடு தயங்கி நிற்பதைப் பார்த்துவிட்டு, உள்ள போங்கக்கா, இந்த டீச்சர் எம்புட்டுத் தடவை கேட்டாலும் சலிக்காமச் சொல்லும், எனக்கே சதவீதம் புரிஞ்சிருச்சுன்னாப் பாத்துக்கங்க என்றார்.

வகுப்பு முடிந்து எல்லாரும் போனார்கள். கடைசியாகச் சாக்பீஸ் தூசியைக் கையில் தட்டிக்கொண்டு வந்தது நம் பழைய தெரு ஜாய்ஸ் டீச்சர்.

உனக்கு எப்படி இருக்கும் என்று தெரியும். அந்த முகத்தைப் பார்க்காமல் இருக்கத்தானே பழங்காநத்தத்தை விட்டே வந்தோம். பள்ளிக்கூட வேலை போக ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து சொல்லிக்கொடுக்கிறாராம். வீட்டில் இருக்க முடியாமல்தான் வருகிறார் என்று நினைக்கிறேன். ஒரே பிள்ளை டோனி. அவனும் உன் கையால் போய்விட்டான்.

திரும்பி நடந்துவிடலாம் என்று பார்த்தேன். அவரே பேர் சொல்லிக் கூப்பிட்டார். என் கையில் இருந்த புத்தகத்தை வாங்கி, அட்டையில் உன் பேரைப் படித்தார். இது அவனோடதா என்றார். ஆமா டீச்சர் என்றேன். உள்ளே வாங்க என்று பெஞ்சில் உட்காரவைத்தார். எந்தப் பாடம் புரியலையாம் என்று கேட்டார். மார்க்கைச் சொன்னேன். வெள்ளைத் தாளையும் சொன்னேன்.

அவர் புத்தகத்தை மூடி என் கையில் திரும்ப வைத்தார். பிறகு, அவனுக்குக் கணக்கு நல்லா வரும் ராதாமணி, டோனியைவிட வேகமாப் போடுவான், நான்தானே ரெண்டு பேரையும் எங்க வீட்டுச் சாப்பாட்டு மேஜையில உக்காரவெச்சு நாலு மாசம் சொல்லிக்கொடுத்தேன் என்றார். காலேஜ் முதல் வருஷம் நீங்கள் இருவரும் கணக்கில் விழுந்துவிட்டு, பிறகு ஒரே நாளில் பாஸ் ஆகி, இரண்டு வீட்டுக்கும் ஓடிவந்து சொன்னது எனக்கு மறக்குமா. நீ ஏன் அந்தத் தாளில் ஒன்றும் எழுதவில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. டோனியோடு உட்கார்ந்து போட்ட கணக்கைத் தனியாகப் போட உனக்கு மனசு வரவில்லை. அவருக்கும் புரிந்திருக்கும்.

நான் எழுந்து காலில் விழப் போனேன். தடுத்துவிட்டார். அதெல்லாம் வேணாம், எனக்கு ஒன்னே ஒன்னுதான் வேணும், எம் பிள்ளை குடிச்சிருந்தானா, அதை மட்டும் அவனை எழுதச் சொல்லுங்க என்றார்.

விஜய், மூன்று வருஷமாக நான் யாரிடமும் சொல்லாததை உனக்கு எழுதுகிறேன். அங்கே பிரித்துப் படிக்கிறவர்களும் படிக்கட்டும். கோர்ட் வராந்தாவில் உன் கையைப் பிடித்துக்கொண்டு, வக்கீல் சொல்றபடியே சொல்லுடா, டோனி குடிச்சிருந்தான், தள்ளாடித் தானா விழுந்தான்னு சொல்லு என்று சொன்னவள் நான். நீ முடியாதும்மா என்றாய். நான் அழுதேன். அழுதே உன்னைச் சொல்லவைத்தேன். நீ வெளியே வந்துவிட வேண்டும், அது ஒன்றுதான் அன்றைக்கு என் கண்ணுக்குத் தெரிந்தது. ஜட்ஜ் நம்பவில்லை, ஏழு வருஷம் போட்டுவிட்டார். ஆனால் சொன்ன சொல் ஊரில் நின்றுவிட்டது. டோனி இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துதானே போனான், குடித்தானா இல்லையா என்று பிறகு எந்தப் பரிசோதனையிலும் தெரியவில்லை. பேப்பரில் போதை மாணவர்கள் தகராறு என்றே போட்டார்கள். அவர்கள் சர்ச் சபையில் பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்களாம். டோனியோடு பாட்டு படித்த பிள்ளைகளின் அம்மாமார் தன்னிடம் துக்கம் கேட்கும்போதே குரலைத் தணித்துக்கொள்கிறார்கள் என்றார் டீச்சர். செத்தவன் வந்து இல்லைன்னு சொல்ல மாட்டானே ராதாமணி என்றார். அதைச் சொல்லும்போதுகூட அவர் அழவில்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர், ஜூனில் ஐகோர்ட்டில் அப்பீல் வருது, இப்பப் போய் அவன் கையால எழுதிக்கொடுத்தா எல்லாம் போச்சு, நீ பெத்தவளா இல்லையா என்று கேட்டார். அவர் சொல்வதில் தப்பில்லை. நாலு வருஷத்துக்கு மேல் இருக்கிறது உனக்கு. நீ வெளியே வரும்போது இருபத்தேழு வயசு ஆகியிருக்கும். அப்பா இருப்பாரோ என்னவோ. இதையெல்லாம் நினைத்துத்தான் நேற்று முழுக்க எழுதாமல் இருந்தேன்.

அன்றைக்கு ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் உங்களுக்குள் என்ன நடந்தது என்று நான் உன்னிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. தெரிந்தால் பொய் சொல்லவைக்க முடியாது என்றுதான் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். நடந்ததை அப்படியே ஜாய்ஸ் டீச்சருக்கு எழுது. எழுதி எனக்கு அனுப்பு, நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். உன்னைப் பொய் சொல்லவைத்த வாய்தான் இதையும் கேட்கிறது. என்னை மன்னித்துக்கொள்.

இந்தக் கடிதம் அப்பாவுக்குத் தெரியாது. போன தடவை கேட்ட சோப்பும் பனியனும் தனியாகப் பார்சலில் வருகிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் நல்லதையே நினைக்கும்
அம்மா


அனுப்பானடி, மதுரை
30.3.2025

என் கண்ணான விஜய்க்கு அம்மாவின் ஆசீர்வாதம்.

உன் கடிதம் பன்னிரண்டாம் தேதி கிடைத்தது. நாலு பக்கம். நீ இவ்வளவு எழுதி நான் பார்த்ததே இல்லை. டீச்சருக்கு எழுதியதை நான் படிக்கலாமா கூடாதா என்று யோசித்தேன். நீ ஒட்டாமல் அனுப்பியிருந்தாய். படித்தேன்.

குடித்திருந்தது நீ. அவன் இல்லை. பஸ் ஸ்டாண்ட் லாட்ஜ் பக்கம் நீ நிற்பதை யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, உன்னை வீட்டுக்குக் கூட்டிப் போக வந்தவன் அவன். மாப்ள, அம்மா பாத்தா அழுவாங்கடா, வா, எங்க வீட்டுல படுத்துட்டுக் காலையில போயிக்கலாம் என்று கையைப் பிடித்து இழுத்திருக்கிறான். விடுடா என்று நீ தள்ளியிருக்கிறாய். பிளாட்பாரத்து ஓரக் கல்லில் அவன் தலை பட்டிருக்கிறது. இவ்வளவுதான். ஏதோ பெரிய பகை, பெரிய சண்டை என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். பகையாக இருந்திருந்தால்கூட எனக்கு இந்த வலி வந்திருக்காது. நான் அழுவேன் என்று நினைத்து வந்த பிள்ளையைத்தான் குடிகாரன் என்று சொல்லவைத்திருக்கிறேன்.

மறுநாள் சாயங்காலம் பழங்காநத்தம் போனேன். மூன்று வருஷத்துக்குப் பிறகு அந்தத் தெருவுக்குள் காலை வைத்தேன். மளிகைக் கடைச் சோணையம்மாள் என்னைப் பார்த்துவிட்டு, எடை போட்டுக்கொண்டிருந்த கையோடு அப்படியே நின்றாள். டீச்சரும் அவர் வீட்டுக்காரர் ஞானசீலன் சாரும் இருந்தார்கள். சார் என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். டீச்சர் வாசலில் நின்றபடியே படித்தார். கடைசிப் பக்கம் வந்தபோது அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்புறம்தான் அழுதார். மூன்று வருஷத்து அழுகை. நான் பக்கத்தில் உட்காரலாமா என்று தெரியாமல் நின்றுகொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. சார் வந்து கடிதத்தை வாங்கி அவரும் படித்தார்.

போன ஞாயிறு டோனியின் நினைவுக்குச் சபையில் ஜெபம் வைத்தார்களாம். பாஸ்டர் உன் கடிதத்தில் வேண்டிய இடத்தை மட்டும் எல்லார் முன்னாலும் வாசித்தாராம். இதை டீச்சரே போனில் சொன்னார். நீங்க கொண்டுவந்து குடுத்தது பெரிய காரியம், நான் நன்றி மறக்க மாட்டேன், ஆனா இனிமே நீங்க எங்க வீட்டுக்கு வரவேணாம் ராதாமணி, உங்களைப் பாத்தா அந்த மேஜையில ரெண்டு பேரும் உக்காந்திருந்தது நெஞ்சுக்குள்ள வந்துருது, என்னால முடியல என்றார். சரி டீச்சர் என்றேன். உன்னை மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. நீயும் எதிர்பார்க்காதே.

வக்கீலிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன். இனி தானாக விழுந்தான் என்று வாதாட முடியாது, தண்டனையைக் குறைக்கச் சொல்லி மட்டும் கேட்கலாம், பெரிய நம்பிக்கை வைக்காதீர்கள் என்றார். இதைக் கேட்டு அப்பா ஐந்து நாள் என்னோடு பேசவில்லை. தட்டில் போட்டதைச் சாப்பிட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். உன் கடிதத்தைக் கொடுப்பதற்கு முன் நான் ஒரு நோட்டில் பார்த்து எழுதி வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை அந்த நோட்டைக் கேட்டு வாங்கினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். கூட்டிட்டுப் போகவா வந்தான் அவன் என்று கேட்டார். ஆமாம் என்றேன். இன்று காலை அவராகவே, கடலூருக்கு எந்த வண்டி வசதி என்று கேட்டார். சித்திரை பிறந்ததும் இரண்டு பேருமாக வருகிறோம். கால் புண்ணோடு அவர் வருவது உன்னைத் திட்டுவதற்காக இல்லை, பயப்படாதே.

டீச்சருக்கு எழுதிய கடிதத்தோடு எனக்கு ஒரு துண்டுத் தாளில் நாலு வரி எழுதியிருந்தாய். எல்லாத்தையும் எழுதிட்டேன்மா, இனிமே எனக்கு இங்க வேலை ஒன்னும் இல்லை என்று கடைசியில் இருந்தது. அந்த வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று எண்ணவில்லை. ஜெயில் வேலையைச் சொல்கிறாயா, வேறு எதையும் சொல்கிறாயா என்று தெரியவில்லை. நல அலுவலரிடம் போன் போட்டு, எம் பையனைக் கொஞ்சம் பக்கத்துல வெச்சுப் பாத்துக்கங்க சார் என்று சொல்லியிருக்கிறேன். அதற்காகக் கோபித்துக்கொள்ளாதே.

விஜய், நீ சுமக்கவேண்டியதை நான் குறைக்க முடியாது. உன்னால் ஒரு பிள்ளை போனான். அது என்றைக்கும் இருக்கும். ஆனால் அந்தப் பிள்ளை கடைசியாக நினைத்தது நீ பத்திரமாக வீடு போய்ச் சேரவேண்டும் என்றுதான். அதனால் உன் அம்மா நான் உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அங்கே உனக்குச் சோறு இறங்காவிட்டாலும் எழுது. அவன் கனவில் வந்தாலும் எழுது. போய்ச் சேர்ந்துவிடலாம் என்று தோன்றினால், அதையும் மறைக்காமல் எனக்கு எழுது. எழுதிப் போட்டுவிட்டு, என் பதில் உன் கைக்கு வரும்வரை இரு. நான் ஒவ்வொரு தடவையும் பதில் போடுவேன்.

உன்
அம்மா