இடப்பக்கத்து வாத்துகள்

மார்ச் 3
அத்தானிடம் மறுபடியும் தோற்றேன். இந்த வாத்து விளையாட்டை என் போனில் ஏற்றிவிட்டதே அக்கா வீட்டுக்காரரான அவர்தான். ஒரே நிறத்து வாத்துக் கட்டைகள் நான்கு ஒட்டினால் கண்சிமிட்டி மறையும். அடுத்தடுத்து மறைந்தால் எதிராளி திரையில் கல் மழை. குவியல் உச்சியைத் தொட்டால் ஆட்டம் போச்சு. பள்ளி வேனை நத்தை மாதிரி ஓட்டுகிற மனிதர், இதில் புலி. ஜெயித்ததும் வழக்கமான செய்தி: "குட்டி, போய்ப் பல் தேய்ச்சுட்டுப் படு."

மார்ச் 9
ஜெயித்தேன்! நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஃபிரேம் துடைக்கும்போதெல்லாம் சிரிப்பு.

மார்ச் 10
மறுபடியும் நானே. ஏதோ இடிக்கிறது. என் திரையின் ஓரத்தில் அவர் ஆட்டமும் சின்னதாகத் தெரியும். வலப்பக்கம் கச்சிதம். இடப்பக்கத்தைத் தொடுவதே இல்லை, அங்கே வாத்துகள் குவிகின்றன.

ஓ, தந்திரம்! ஒரு பக்கத்தை வளரவிட்டு, கடைசியில் ஒரே கட்டையால் மொத்தத்தையும் சரித்து என் தலையில் கல்லைக் கொட்டப் பார்க்கிறார். பழம் தின்று கொட்டை போட்டவர், சும்மா தோற்பாரா?

மார்ச் 14
அந்த அடி இன்னும் வரவில்லை. அவருடைய இடப்பக்கத்தில் ஒரு கண் வைத்துக்கொண்டே ஆடுகிறேன்.

மார்ச் 15
அக்கா போனில் புலம்பினாள். "தட்டுல பாதி அப்படியே இருக்கு, இன்னும் போடுன்னு கேக்கறார்டி." உன் சமையல் அப்படி என்று கிண்டலடித்தேன்.

மார்ச் 17
அத்தான் கடைக்கு வந்தார். தலைவலியாம், கண்ணாடி மாற்றணுமாம். கண் பார்ப்பவர் வரவில்லை, நானே எழுத்துப் பலகை முன் உட்காரவைத்தேன். பொடி எழுத்தைக்கூடப் படித்தார். ஆனால் ஒவ்வொரு வரியையும் நடுவிலிருந்து.

"முதல்லேர்ந்து படிங்க அத்தான்."

"முதல்லேர்ந்துதானே படிக்கறேன்?"

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முகம் அப்படி.

அக்காவைப் போனில் கூப்பிட்டேன். தட்டில் எந்தப் பாதி? "இடது பக்கம். ஏண்டி?"

தந்திரமாவது மண்ணாங்கட்டியாவது! இத்தனை நாளும் என் கண் முன்னால்தானே — நான் ஜெயிச்சேன் ஜெயிச்சேன்னு குதிச்சிட்டிருந்தேனே, பாவி!

மேசையில் அவர் வைத்திருந்த சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய் வேனைப் பார்த்தேன். இடப்பக்கக் கண்ணாடி உடைந்து தொங்கியது. கதவிலிருந்து பின்சக்கரம் வரை கீறல். அவருக்குத் தெரியவே தெரியாது.

"பசங்க காத்துட்டிருப்பாங்க, சாவிய குடு குட்டி."

கொடுக்கவில்லை.

மார்ச் 19
மூளையின் வலப்பக்கத்தில் கட்டி, அதனால்தான் இடப்பக்கம் என்ற ஒன்றே அவர் கவனத்துக்கு வரவில்லையாம். பெரிசு என்றார் டாக்டர். ஏன் முன்னாடியே கவனிக்கவில்லை என்று அக்கா என்னைக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஏப்ரல் 2
நாளை ஆபரேஷன். கட்டிலோரம் உட்கார்ந்து ஆடினோம். ஒரு கட்டையைப் போட்டால் அவர் கதை முடிந்தது. போடவில்லை.

"என்ன, பயந்துட்டியா?"

"ஆமா அத்தான்."

ஏப்ரல் 5

வேன் சாவி இன்னும் என் பையில்தான், கேட்க அத்தான் இல்லை.

ஏப்ரல் 28
அத்தான் பெயரில் ஆட்டத்துக்கு அழைப்பு. அக்காதான், அவர் போனிலிருந்து. ஆடத் தெரியவில்லை, இரண்டு பக்கமும் கன்னாபின்னாவென்று நிரப்பினாள். விட்டுக்கொடுத்தேன்.

ஜெயித்தவர் ஒரு செய்தி அனுப்ப வேண்டும். அது அவளுக்குத் தெரியாது. நானே போய்ப் பல் தேய்த்துவிட்டுப் படுத்தேன்.