கஞ்சாங்கோரை என்று சொன்னவளுக்கு

அடியே,

இந்த வாரம் கம்பெனி கேன்டீனில் 'ஹெர்பல் டீ' வைத்திருக்கிறார்கள். உடம்புக்கு நல்லதாம். பேப்பர் கப்பை வாயருகே கொண்டுபோனதும் உன் ரூம் வாசனை அடித்தது. நாய்த்துளசி. ஒரு வாய்கூட இறங்கவில்லை. அப்படியே கொட்டிவிட்டு அசெம்பிளி லைனுக்குப் போய்விட்டேன்.

ஒரகடத்தில் நம் பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் அந்தக் காலி மனை இருந்ததே, மழை பெய்த மறுநாள் நாய்த்துளசி பறிக்க நீ அதில் இறங்கிவிடுவாய். ரோட்டோரத்துச் செடியைத் தொடமாட்டாய், லாரிப் புழுதி. உள்ளே தள்ளிப்போய்ப் பூவோடு நுனியை மட்டும் கிள்ளுவாய். "ஏட்டி, வேரோட பிடுங்காத. பெறவு என்னத்தக் குடிப்ப?" என்று என்னை அதட்டுவாய். நான் பக்கத்துப் பென்னலூர்க்காரி, பிறந்ததிலிருந்து அந்தச் செடியை மிதித்து நடந்தவள். "நாய் கால தூக்குற செடிடி அது, இதப்போயி குடிப்பாங்களா?" என்று சிரிப்பேன். ஷிஃப்ட் முடிந்ததும் உன் ஹாஸ்டல் கெட்டிலில் கொதிக்கவைத்து, ஊர்க் கருப்பட்டியைத் தட்டிப்போட்டு நீட்டுவாய். வெட்கமில்லாமல் இன்னொரு டம்ளரும் கேட்பேன்.

அப்போதுதான் உன்னைப் பெர்மனென்ட் ஆக்குவதாகச் சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். "ஆயிட்டா அம்மைய இங்கயே கூட்டிட்டு வந்துருவேன்" என்று வாடகைக்கு வீடுகூடப் பார்த்துவைத்தாய். ஒருநாள் காலையில் பறித்த இலை உன் பையிலேயே இருந்தது. கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி திறந்து பார்த்து, "இன்னாம்மா இது?" என்றார்.

"கஞ்சாங்கோரைண்ணே."

தெற்கே உங்கள் பக்கம் நாய்த்துளசிக்கு அதுதான் பேர். அந்தப் பாவி மனுஷன் காதில் முதல் பாதி மட்டும் விழுந்தது. ஊரையே கூட்டிவிட்டார். "சார், அது நாய்த்துளசி சார், எங்க வூட்டாண்டகூட கீது சார்" என்று நான் கத்தியதை யார் கேட்டார்கள்? எச்.ஆரில் முகர்ந்து பார்த்து, சிரித்து, அனுப்பிவிட்டார்கள். அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். ஆனால் 'கஞ்சா கேஸ்' என்ற பேர் உன்னைவிட்டுப் போகவே இல்லை. பெர்மனென்ட் ஆனவர்களில் நீ இல்லை. கான்ட்ராக்ட் முடிந்ததும் பெட்டியோடு சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் ஊருக்கு ரயில் ஏறினாய். "நான் என்னட்டி தப்பாச் சொல்லிட்டேன்?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டாய்.

காய்ச்சலில் போய்விட்டாய் என்று உன் தம்பி போனில் சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இன்னும் அடங்கவில்லை. யாரிடம் போய்க் கொட்டுவது? அந்தக் காலி மனையில் இப்போது குடோன். சுற்றிலும் சிமென்ட் போட்டுவிட்டார்கள், ஒரு புல்கூட முளைக்காது. நானும் இன்னும் கான்ட்ராக்ட்தான்.

எங்கள் வீட்டுப் பக்கம் நாலு நுனி கிள்ளிப் பையில் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன். காய்ச்சிக் குடிக்க மனசு வருவதில்லை, சும்மா கூட இருக்கட்டும் என்று. நேற்றும் அதே செக்யூரிட்டிதான் திறந்து பார்த்தார்.

"இன்னாம்மா இது?"

"துளசிண்ணே. சாமிக்கு."

ஒரு இலையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "போம்மா" என்றார்.

அதே இலைதான்டி. உனக்கு இந்தப் பொய் வாயில் வரவில்லையே.