கயிறு கேட்கும் பதில்

என் வீட்டுக்காரருக்கு,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதமா என்று சிரிப்பீர்கள். கத்திப் பேச எனக்கு வராது. மெல்லப் பேசினால் உங்களுக்குக் கேட்பதில்லை. வருடக்கணக்காகக் குளிர்ந்த நீரில் மூழ்கிக் கப்பலடியில் ஒட்டிய சிப்பிகளைச் சுரண்டியதில் காதுக்குள் எலும்பு வளர்ந்து வழியை அடைக்கிறது என்று டாக்டர் சொன்னார். “காதுக்குள்ள சொந்த வீடு கட்டுறேன், உனக்கென்ன கவலை?” என்றீர்கள். நானும் சிரித்துவிட்டேன்.

விரல்கள் வெளுத்து மரத்துப்போவதை மட்டும் அவரிடம் நீங்கள் சொல்லவில்லை.

இன்று காலை நீங்கள் கடைக்குப் போயிருந்தபோது, நீங்கள் இடக்கையில் சுற்றிக்கொண்டு மூழ்கும் கயிற்றின் மறுமுனையைப் படகில் பிடிக்கும் கூட்டாளி வந்தார். அவர் மேலிருந்து ஒருமுறை இழுத்தால், நலம் என்று நீங்களும் ஒருமுறை இழுக்க வேண்டுமாம்.

“இப்பல்லாம் பதிலே வர்றதில்ல அண்ணி. நான் இழுக்கிறது அண்ணன் கைக்குத் தெரியல. உசிரக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். கேட்டா, ‘வேலை மும்முரத்துல மறந்துட்டேன்டா’ங்கிறார்.”

போகாதீர்கள் என்று எழுதி என்ன பயன்? செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள். இப்போது அதைச் சொல்லக்கூட நா எழவில்லை.

மதியம் நீங்கள் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தீர்கள். நாற்காலியிலிருந்து தொங்கிய உங்கள் இடக்கை விரலைப் பிடித்து ஒருமுறை மெல்ல இழுத்தேன். பதிலுக்குக் காத்திருந்தேன். நீங்கள் மறுகையால் பக்கத்தைப் புரட்டினீர்கள்.

நாளைக்கான கையுறைகளைக் காயவைத்து மடித்திருக்கிறேன். இந்தக் கடிதம் அவற்றுக்குள் இருக்கிறது.

மேலே காத்து நிற்பவள்