கேள்வி வராத பத்தி

அஞ்சுகிராமம்,
ஜனவரி 27.

அன்பு மகள் ஜெஸ்மிக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம், அம்மாவின் முழங்கால் மட்டும் அந்தக் கிருபைக்கு வெளியே நிற்கிறது. மஸ்கட்டில் நீயும் ஜெப்சனும் பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் இந்த முறை கடைமடை வரை வந்தது, வயலில் கதிர் பிடித்துவிட்டது. தினமும் போனில் பேசுகிறோமே, காகிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நீ குரலை உயர்த்தினால் நான் சரி மக்கா என்று சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் சொன்னேன். அந்தச் ‘சரி’யைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். பென்சிலால் இரண்டு முறை எழுதிப் பார்த்துவிட்டு மையால் எழுதுகிறேன். எதிர்வீட்டு அபின் வெள்ளிக்கிழமை அங்கே திரும்புகிறான், நேந்திரங்காய் சிப்ஸோடு சேர்த்துக் கொடுத்துவிடுகிறேன்.

நாகர்கோவிலில் சமூக அறிவியல் ஆசிரியர் மாநாட்டுக்குப் போய்வந்தேன் என்றதும் நீ சிரித்தாய். கான்பரன்ஸுன்னா ஒரு பை, ஒரு சர்டிபிகேட், ஒரு பிரியாணி, ரிட்டயர் ஆகி பதிமூணு வருஷம் கழிச்சு உங்களுக்கு இது எதுக்குப்பா என்றாய். பை கொடுத்தார்கள், பிரியாணியும் உண்டு, உப்புக் குறைவு. அதுவரை நீ சொன்னது சரி. வேலையில் இருந்த முப்பத்தொரு வருஷமும் மாநாட்டுச் சுற்றறிக்கை வரும், கையெழுத்துப் போட்டுவிட்டு, எனக்கு வகுப்பு இருக்கிறது என்று வேறு யாருக்காவது விட்டுக்கொடுப்பேன். வகுப்பு ஒன்றும் காரணமில்லை. அங்கே யாராவது எழுந்து என்னை ஏதாவது கேட்டுவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான். இந்த முறை, என்னிடம் படித்து இப்போது நம் ஊர்ப் பள்ளியிலேயே என் பாடத்தை நடத்துகிற வைகுண்டராஜன் வீட்டுக்கே வந்துவிட்டான். சாரே, சும்மா வந்து இரியுங்க, யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாவ என்றான். அந்த வாக்குறுதியை நம்பித்தான் போனேன், ஒரு மணி நேரம் முன்னதாகவே போய் வாசலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

முதல் நாள் நான் குறித்துக்கொண்டது ஒன்றுண்டு. கீரிப்பாறை ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நடத்துகிற சுபிதா டீச்சர், தோட்டப்பயிர் பாடத்தைப் புத்தகத்திலிருந்து தொடங்குவதில்லையாம். அம்மா இன்றைக்கு எத்தனை மரத்தில் பால் வெட்டினாள், அந்தப் பால் எங்கே போகிறது என்று கேட்டுவரச் சொல்லி, அந்த வழியையே பிள்ளைகளை வரைபடமாக வரைய வைக்கிறாள். நான் அதே பாடத்தை முப்பத்தொரு முறை கரும்பலகையில் எழுதிப்போட்டேன். இரண்டாம் நாள் வைகுண்டராஜன் ஒரு பாடம் நடத்திக் காட்ட எழுந்தான். அவன் எடுத்தது ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் வருகிற தோள்சீலைப் பத்தி. உனக்கு அது நினைவிருக்காது, இருக்க வழியில்லை. இருநூறு வருஷத்துக்கு முன்னால் இந்த மண்ணில் நம் பெண்கள் மார்பை மறைத்துத் துணி போட்டதற்காக மேல்சாதிக்காரர்களிடம் அடிபட்டதும், போடுவோம் என்று நின்றதும்தான் அது. இன்றைக்கு நீ போட்டிருக்கிற சட்டையை யார் முடிவு பண்ணினாங்க என்று எங்களையே பிள்ளைகளாக வைத்துக் கேட்டுத் தொடங்கினான். அப்போது சுபிதா டீச்சர் எழுந்து, அடிச்ச பக்கத்துப் பிள்ளையும் அடிபட்ட பக்கத்துப் பிள்ளையும் ஒரே பெஞ்சுல இருந்தா எப்படி சார் நடத்துறது, எனக்கு வாய் வரல்ல என்றாள். நான் யாரிடமும் கேட்காமல் முப்பத்தொரு வருஷம் மடியில் கட்டிவைத்திருந்த கேள்வி அது. எத்தனை பேருக்கு இந்தப் பயம் உண்டு என்று மேடையில் கேட்டதும் பாதி அரங்கம் கை தூக்கியது. எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன் மக்கா.

எப்படி எழுந்தேன் என்று தெரியாது. மைக்கை என் கையில் யாரோ திணித்தார்கள். அந்தப் பத்தி வரும்போதெல்லாம் உடை சம்பந்தமான ஒரு பிரச்சினை, பரீட்சைக்குக் கேள்வி வராது, அடுத்த பக்கம் திருப்புங்கள் என்று சொல்லித் தாண்டினவன் நான் என்றேன். வைகுண்டராஜன் மேடையிலிருந்தே சொன்னான்: சாரே, அந்த வகுப்புல நானும் இருந்தேன், நீங்க வராதுன்னா அதுல என்னமோ இருக்குன்னுதான் வீட்டுக்குப் போயி அத மட்டும் வாசிச்சேன். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்தப் பயத்தைப் பற்றியே அடுத்த மாதம் இருபத்திரண்டாம் தேதி திருநெல்வேலி மாநாட்டில் கட்டுரை வாசிக்கக் கேட்டார்கள், ஒத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து தடைதான். சபைக் கமிட்டியில் இருக்கிற உன் ஜான்ரோஸ் மாமா வந்து, பழைய புண்ணக் கெளறாண்டாம் அத்தான், எல்லாரும் ஒத்துமையா இருக்காவ என்றான். புண் ஆறிவிட்டால் தொட்டால் ஏன் வலிக்கிறது என்று கேட்க எனக்கு மறுநாள்தான் தோன்றியது. நீயோ ஞாயிற்றுக்கிழமை போனில், ஜெப்சன் வீட்டில் என்ன நினைப்பார்கள், வரவில்லை என்று சொல்லிவிடுங்கள் என்றாய். சொல்ல மாட்டேன். நான் போகிறேன். குரல் நடுங்கும், தெரியும், நடுங்கட்டும், வாசிப்பதற்குக் குரல் போதும். நான் தப்பாகவும் இருக்கலாம், அப்படியானால் அங்கே இருநூறு ஆசிரியர்கள் இருப்பார்கள், திருத்தட்டும். வீட்டில் உட்கார்ந்திருந்தால் யார் திருத்துவார்கள்? அம்மா, நீ கிறிஸ்துமஸுக்கு அனுப்பிய சட்டையை எடுத்து இஸ்திரி போட்டு வைத்திருக்கிறாள்.

உன் பள்ளியில் துபாய் மாநாட்டுக்குப் பேர் கேட்டபோது வேறொரு டீச்சருக்கு விட்டுக்கொடுத்ததாகச் சொன்னாய். உனக்கு வகுப்பு இருந்ததாம். உனக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கில்லை, அந்தப் பொய் யாருடையது என்று மட்டும் எனக்குத் தெரியும்.

கர்த்தர் உங்கள் மூவரையும் போக்கிலும் வரத்திலும் காப்பாராக. பிள்ளைக்கு என் முத்தம். சிப்ஸை உடனே டப்பாவில் போடு, நமத்துவிடும். இத்துடன் தனியாக நாலு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பு பி பிரிவில் முதல் பெஞ்சில் நீ எழுந்து, சார், அது என்ன உடைப் பிரச்சினை என்று கேட்டாய். உன்னை உட்கார வைத்தேன், நீ அதற்குப் பிறகு என் வகுப்பில் எதுவும் கேட்கவில்லை. அந்தப் பாடம்தான் இது. நிதானமாக வாசி. கேள்வி வரும்.

இப்படிக்கு உன் அப்பா,
யோவான்