எச்சரிக்கையைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்ட நாள்

நிலவுத் தளம், காற்று அறை வாசல்

காலை 6:10
இன்று இங்கே இருந்தவர்கள்: தளத் தலைவர் கோமதிநாயகம், கணினி பார்க்கும் என் பேத்தி மங்கையர்க்கரசி, சமையல் பார்க்கும் வடிவம்மாளாகிய நான். நானும் இருந்தேன் என்று பின்னால் எவராவது வந்தால் நம்ப வேண்டாம்.

காற்று இயந்திரத்தின் பழைய கணினி கருகிவிட்டதால் வேறு வகைக் கணினி மாட்டியிருக்கிறார்கள். நிரலை இதற்கென்று புதிதாகக் கட்ட வேண்டும். அதற்கு முன், "இந்த ஆப்ஷன் உனக்குத் தெரியுமா" என்று, நிரலைக் கணினிக்குப் புரியும்படி கட்டித் தரும் கம்பைலரை ஒவ்வொன்றாகக் கேட்குமாம் ஒரு சோதனை. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட அத்தனை கேட்கவில்லை.

எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றது.

7:25
அரசிக்குச் சந்தேகம். தெரியாத ஆப்ஷன் வந்தால் இந்தக் கம்பைலர் பிழை என்று நிற்பதில்லை. ஓர் எச்சரிக்கையை முனகிவிட்டு மேலே போகிறது. சோதனையோ பிழை இல்லையே என்று ஆமாம் போட்டுக்கொள்கிறது. எச்சரிக்கையையும் பிழையாக வைத்து மறுபடி கேட்க வேண்டும் என்று தலைவருக்குச் சொன்னாள். அவர் அதற்குள் சுரங்கத்துக்கு வண்டியேறிவிட்டார்.

ரேடியோ, கோமதிநாயகம்: "எச்சரிக்கை எந்த வீட்லதான் இல்ல? கட்டி ஓட்டும்மா. ஷிப்டு போயிரும்."

போன பொங்கலுக்கு என் சர்க்கரைப் பொங்கலில் இனிப்பு இல்லை என்றவர். அதுவும் நினைவிருக்கிறது.

9:40
ஓட்டினாள். பின்னக் கணக்கைப் பிசகாமல் போடச் சொல்லும் ஆப்ஷன் ஒன்றைக் கம்பைலர் காதிலேயே வாங்கவில்லை. கணக்கு தப்பி, வால்வு திறந்துகொண்டு, கணினி இருக்கும் காற்று அறையின் காற்றையே வெளியே விடுகிறது. உள்ளே காற்று குறைந்தால் கதவு திறக்காது. வால்வை மூடச் சரியான நிரல் வேண்டும். அரசி உள்ளே.

ரேடியோ, அரசி: "மறுபடி கேக்க ஆரம்பிச்சுட்டேன் ஆச்சி. இந்தத் தடவ முனகினாலும் இல்லன்னுதான் எடுத்துக்கும்."
நான்: "பேசாதட்டீ, மூச்சு வீணாப் போகும்."
அரசி: "பேசலேன்னா தூங்கிருவேன். நீ யாரையாவது திட்டு, கேட்டுக்கிட்டே இருக்கேன்."

திட்டினேன். ஆள் பஞ்சமில்லை.

10:30
கதவுக்குப் பக்கத்தில் அவசரத் துளை ஒன்று உண்டு. மூச்சுக் குழாயை வெளியிலிருந்து அதில் செருகலாம். குழாய் தலைவரின் வண்டியில் இருக்கிறது.

ரேடியோ, கோமதிநாயகம்: "பாதி வழி வந்துட்டேன் பெரியம்மா. பதறாதீங்க."

அவர் குரலுக்குப் பின்னால் பாறை துளைக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. பாதி வழியில் ஏது பாறை இயந்திரம்?

11:05
ரேடியோ, அரசி: "இல்ல... இதுவும் இல்ல... இது ஆமா. நெசமான ஆமா ஆச்சி."

பேச்சு குழறுகிறது. கதவை அடித்து என் கை வீங்கிவிட்டது. எழுத்து கோணினால் அதனால்தான்.

11:20
ரேடியோ, அரசி: "கட்டுது. கடைசி ஃபைல். ஆச்சி, ஏன் நிறுத்திட்ட? திட்டு."

திட்டினேன். பதில் இல்லை. திட்டினேன்.

11:50
வால்வு மூடிக்கொண்டது. நிரல் சரியாக ஓடுகிறது. அறையில் காற்று நிரம்பிக் கதவு தானாகத் திறந்தது. நல்ல காற்று. அரசி நாற்காலியில் சாய்ந்திருந்தாள். கீழே இறக்கி மடியில் போட்டுக்கொண்டேன். உடம்பு இன்னும் சூடாகத்தான் இருக்கிறது. கூப்பிட்டுக்கொண்டே இருக்கி—

12:35
இப்போதுதான் வந்தார். குழாய் உறைகூடப் பிரிக்காமல் கையில் இருக்கிறது. வழி மோசம் என்கிறார். இவள் தலை மடியில் இருப்பதால் என்னால் எழுந்திருக்க முடியவில்லை.

இதைக் கண்டெடுப்பவர் என் சார்பில் சொல்லிவிடுங்கள். செத்தாலும் நான் மன்னிக்காத ஆள், கோமதிநாயகம்.